மாஸ்ரரிடம் கேளுங்கள்: பருத்தி, தராசு, கணக்குப் புத்தகம்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் ஒரு வரியை எழுதிவிட்டேன். "அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்த வெள்ளைக்காரரில் பெரும்பாலானவர்களிடம் ஒரு அடிமைகூட இருக்கவில்லை." அவ்வளவுதான். கடிதம் மேல் கடிதம். வாழைக்கு என்ன பசளை, மகனுக்கு எந்தப் பாடம் என்று வந்த கேள்விகளை எல்லாம் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த முறை பருத்தியோடேயே நிற்கிறேன். வாழைக்காரர் கோபிக்கக்கூடாது.

பருத்தித்துறை வாசகர் ஒருவர்: மாஸ்ரர், ஊர்ப் பெயரிலேயே பருத்தியை வைத்திருக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன். வெள்ளைக்காரனுக்கு நீங்கள் வெள்ளையடிக்கிறீர்களா? அடிமையே இல்லாதவன் எதற்காக அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் வடக்கு மாநிலங்களோடு நாலு வருசம் சண்டை பிடித்துச் செத்தான்?

கோபம் சரி, ஆனால் வரியும் சரிதான் ஐயா. 1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் எல்லாம் கிடக்கிறது. அடிமை முறை சட்டத்தில் இருந்த 15 மாநிலங்களில் ஏறக்குறைய 80 இலட்சம் வெள்ளையர், 40 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அடிமைகள். சொந்தக்காரர் என்று பதியப்பட்டவர்கள் 4 இலட்சத்தை எட்டவில்லை. குடும்பமாகப் பார்த்தால் நாலுக்கு ஒன்று. அவர்களிலும் மிகப் பெரும்பாலானோரிடம் ஒரு கை, இரண்டு கை விரல்களால் எண்ணக்கூடிய ஆட்கள்தான். 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவரைத்தான் பெருந்தோட்டத் துரை என்று கணக்கில் சேர்ப்பார்கள், அவர்கள் ஏறக்குறைய 46,000 பேர். நூறுக்கு மேல் வைத்திருந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். மாநிலங்களின் சட்டசபை, நீதிமன்றம், பத்திரிகை, பாங்கு எல்லாம் இந்தக் கொஞ்சப் பேரின் மடியில்.

சராசரியை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துபோவோம். பருத்தி அடர்த்தியாக விளைந்த மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் வெள்ளைக் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதி அடிமை வைத்திருந்தது. அந்த இரண்டு மாநிலங்களிலும் சனத்தொகையில் பாதிக்கு மேல் அடிமைகள். மலைப்பக்கம் போனால் கதை வேறு. அங்கே சோளமும் பன்றியும் வளர்த்த சிறு கமக்காரர்தான். வேர்ஜினியாவின் மேற்கு மலைப்பகுதி யுத்தம் நடக்கும்போதே 1863 இல் பிரிந்து தனி மாநிலமாகி, வடக்கோடு நின்றது.

இனி உங்கள் கேள்வி. பக்கத்து நிலத்துத் துரையிடம்தான் பருத்தி அரைக்கும் (பஞ்சில் இருந்து கொட்டையைப் பிரிக்கும்) பொறி இருக்கிறது. இந்த ஏழை வெள்ளையன் தன் நாலு மூட்டைப் பருத்தியை அங்கேதான் கொண்டுபோக வேண்டும், மிஞ்சின சோளத்தையும் அவருக்குத்தான் விற்க வேண்டும், அந்தரம் ஆபத்து என்றால் கைமாற்றும் அவரிடம்தான், போதாக்குறைக்கு அவர் தூரத்துச் சொந்தமாகவும் இருப்பார். நாளைக்கு நாலு காசு சேர்ந்தால் தானும் ஒரு ஆளை வாங்கலாம் என்ற ஆசையும் உண்டு, நாங்கள் காணி வாங்க ஆசைப்படுகிற மாதிரி. இரவில் ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றி, எசமானின் அனுமதிச் சீட்டு இல்லாமல் நடமாடுகிற கறுப்பரைப் பிடித்து அடிக்கும் காவல் முறையும் இவனுக்கு வரும். கையில் ஒரு சல்லி இல்லாதவனுக்கு அந்த ஒரு இரவாவது அதிகாரம்.

தென் கரோலினாவின் செனற்றர் ஜேம்ஸ் ஹென்றி ஹமன்ட் 1858 இல் சபையிலேயே இதை மறைக்காமல் சொன்னார். எந்தச் சமூகத்துக்கும் கீழ்வேலை செய்ய ஒரு வகுப்பு வேண்டுமாம், வீட்டுக்கு அடியில் மண்ணோடு கிடக்கும் அத்திவாரக் கட்டை மாதிரி. பருத்திதான் அரசன், அதன் மேல் யாரும் போருக்கு வரத் துணியமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னதும் அதே உரையில்தான். ஏழை வெள்ளையனுக்கு அந்தப் பேச்சில் கிடைத்த ஆறுதல் என்னவென்றால், அத்திவாரத்தில் தான் இல்லை என்பது. உங்களுக்குத் தெரியாததா? எங்கள் பக்கத்திலும் ஒரு பரப்புக் காணி இல்லாமல், வீட்டுக் கூரையும் ஒழுகிக்கொண்டு, ஆனால் யார் எந்தப் படலைக்குள் வரலாம் வரக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்த மனிசரை நான் சின்ன வயதில் நிறையக் கண்டிருக்கிறேன்.

யுத்தம் இழுபட இழுபட அந்த ஆறுதலும் கசந்தது. 1862 இல் தெற்கின் அரசு ஒரு சட்டம் போட்டது: 20 அடிமைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் ஒரு வெள்ளை ஆண் படைக்குப் போகத் தேவையில்லை. பணக்காரன் தொடங்கின சண்டைக்கு ஏழை சாகிறான் என்று சிப்பாய்களே முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

உடுவிலில் இருந்து உயர்தரம் படிக்கும் மாணவி: மெசின் வந்தால் ஆட்கள் குறைய வேண்டும்தானே சேர்? பருத்தி அரைக்கும் பொறி வந்த பிறகு அடிமைகள் கூடினார்கள் என்று புத்தகத்தில் இருக்கிறது. அது எப்படி?

நல்ல கேள்வி பிள்ளை. பரீட்சைக்கும் உதவும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தலையணைக்குள் இருக்கிற இலவம் பஞ்சை மறந்துவிடு, அது வேறு மரம். எங்கள் கிணற்றடியில் ஒரு பருத்திச் செடி நிற்கிறது, விளக்குத் திரிக்காக அம்மா நட்டது. காய் வெடித்ததும் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துப் பார். ஒவ்வொரு பிடிக்குள்ளும் ஏழெட்டுக் கொட்டை ஒளிந்திருக்கும். பஞ்சு கொட்டையைச் சுற்றி இல்லை, கொட்டையில் இருந்துதான் மயிர் மாதிரி முளைத்திருக்கிறது, பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். விளக்கீட்டுக்கு முதல்நாள் நானும் அம்மாவும் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பிய்த்தால் ஒரு கோப்பை நிறைய வரும். நகக்கண் இரண்டு நாளைக்கு நோகும்.

அமெரிக்கக் கரையோரத் தீவுகளில் விளைந்த நீள இழைப் பருத்திக்கு வழவழப்பான கறுப்புக் கொட்டை, இரண்டு உருளைக்கு நடுவில் விட்டால் கழன்றுவிடும். ஆனால் அந்த இனம் கரையோரத்தைத் தாண்டி வராது. உள்நாட்டு மேட்டு நிலத்தில் வரக்கூடிய குட்டை இழைப் பருத்தியின் பச்சைக் கொட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கையால் ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு இறாத்தல் பஞ்சு. 1793 இல் ஈலை விட்னி என்ற மசச்சூசெற்ஸ் இளைஞர் ஜோர்ஜியாவில் ஒரு தோட்டத்தில் தங்கியிருந்தபோது செய்த பொறியில், கம்பிப் பற்கள் பஞ்சை ஒரு சீப்பு மாதிரியான தடுப்புக்குள்ளால் இழுக்கும், கொட்டை வெளியே நின்றுவிடும். ஒருவர் கையால் சுற்றினாலே ஒரு நாளைக்கு 50 இறாத்தல்.

இங்கேதான் உன் கேள்விக்கு விடை. பொறி வந்தது கொட்டை பிரிக்கிற வேலைக்கு மட்டும். நிலம் கொத்துவது, களை பிடுங்குவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் பறிப்பது, அத்தனையும் கைவேலைதான். குழாய் நடுவில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டாய், இனி எவ்வளவு ஊற்றினாலும் போகும். அந்தப் பக்கம் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பிரித்தானியா வாங்கிய பருத்தியில் நாலில் மூன்று பங்கு அமெரிக்காவின் தெற்கில் இருந்து போகும் நிலை வந்தது. 1790 இல் 3,000 பொதியளவாக இருந்த அமெரிக்கப் பருத்தி, 1860 இல் 40 இலட்சம் பொதியைத் தாண்டியது. அதே எழுபது வருசத்தில் அடிமைகளின் தொகை 7 இலட்சத்தில் இருந்து 40 இலட்சத்துக்குக் கிட்ட வந்தது. இரண்டையும் ஒரே வரைபில் கீறிப் பார்.

ஆட்கள் எங்கே இருந்து வந்தார்கள் என்று அடுத்துக் கேட்பாய். ஆபிரிக்காவில் இருந்து இறக்குமதி செய்வதை 1808 இல் சட்டம் தடுத்துவிட்டது. வேர்ஜினியாவில் புகையிலை போட்டுப் போட்டு மண் செத்துக்கொண்டிருந்தது. புகையிலை மண்ணை எப்படி உறிஞ்சும் என்று எங்கள் தோட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் நாங்கள் ஆட்டெருவும் குழையும் தாட்டுத் தாட்டு அதே பரப்பில் திரும்பத் திரும்பச் செய்தோம், அவர்கள் பழைய நிலத்தை விட்டுவிட்டுப் புதிய நிலத்துக்குப் போனார்கள். ஆக, வேர்ஜினியாவிலும் மேரிலாந்திலும் 'மிஞ்சின' அடிமைகளைத் தெற்கே விற்பது ஒரு பெரிய வியாபாரமாகியது. அப்படி விற்கப்பட்டும், குடிபெயர்ந்த எசமானோடு கொண்டுபோகப்பட்டும் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் அலபாமா, மிசிசிப்பி, லூசியானாப் பக்கம் போனார்கள். விற்கப்பட்டவர்கள் சங்கிலியில் கோத்து நடந்தார்கள், கப்பலிலும் ஏற்றப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். 1850களின் கடைசியில் நியூ ஓர்லியன்ஸ் சந்தையில் ஒரு நல்ல வேலையாளின் விலை ஆயிரம் டொலருக்கு மேல்.

அந்தப் புதிய நிலமும் சும்மா கிடந்த நிலமில்லை. சொக்டோ, கிறீக், செரோக்கி, சிக்கசோ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்கள். 1830 இல் அவர்களை வெளியேற்றச் சட்டம் வந்தது. 1838 இல் செரோக்கிகளை நடத்திக்கொண்டு போனபோது வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். பருத்தி பற்றி எழுதும்போது இந்தப் பகுதியைப் பரீட்சை விடைகளில் பிள்ளைகள் விட்டுவிடுகிறீர்கள். விடாதே.

சாவகச்சேரி வாசகி: 'பருத்தித் தோட்டம்' என்று எழுதுகிறீர்கள். எனக்கு வீட்டுப் பின்னால் இருக்கிற கத்தரித் தோட்டம்தான் கண்ணில் வருகிறது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

சிரித்துவிட்டேன், ஆனால் நீங்கள் சொல்வது சரி. யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் கிணறு, துலா, நாலு பரப்பு மிளகாய், வெங்காயம். அங்கே ஆயிரம் ஏக்கர் என்றால் 16,000 பரப்பு. மலையகத்துத் தேயிலைத் தோட்டம் மாதிரி என்று நினைத்தால் கிட்ட வருவீர்கள். பெரிய தோட்டங்களில் துரைக்குக் கீழே சம்பளத்துக்கு ஒரு வெள்ளைக்காரர், ஓவசியர். (ரோட்டுப் போடும்போது குடை பிடித்துக்கொண்டு நிற்பாரே, அதே சொல்தான்.) அவருக்குக் கீழே 'ட்றைவர்'. வாகனம் ஓட்டுகிறவர் இல்லை, ஆட்களை ஓட்டுகிறவர். அவரும் அடிமை. கங்காணி மாதிரி முன்னுக்கு நிற்க வேண்டும், ஆனால் கங்காணிக்குக் கிடைத்த தலைக்காசு அவருக்கு இல்லை. வரிசையின் வேகம் குறைந்தால் முதல் அடி வாங்கவும் கூடும்.

பறிப்புக் காலம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி மார்கழி, தை வரை. விடிய முன்னமே வரிசையில் நிற்க வேண்டும். வெடித்த காயின் ஓடு காய்ந்து, நுனி ஊசி மாதிரி நிற்கும். பஞ்சை மட்டும் விரலால் சுண்டி எடுக்க வேண்டும், ஓடும் சருகும் சேர்ந்து வந்தால் ஏச்சு. மெல்லமாக எடுத்தால் விரல் தப்பும், நிறை குறையும். கெதியாக எடுத்தால் விரல் கிழியும். செடி இடுப்பளவில் நிற்பதால் முதுகு நிமிராது. தோளில் மாட்டின நீளப் பை நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வரும், நிரம்பியதும் வரிசை முனையில் இருக்கும் கூடையில் கொட்டிவிட்டுத் திரும்ப வர வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே வரிசை. சின்னப் பிள்ளைகள் தண்ணீர் வாளியோடு.

சொலமன் நோர்தப் என்று ஒருவர். நியூயோர்க்கில் பிறந்த சுதந்திர மனிதர், வயலின் வாசிப்பவர். 1841 இல் வொஷிங்டனில் வைத்து அவரைக் கடத்தி விற்றுவிட்டார்கள், 1853 இல்தான் மீண்டார். லூசியானாவில் நடந்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். புதிதாக வந்த ஆளை முதல்நாள் சவுக்கால் அடித்து, முடிந்த அளவு வேகமாகப் பறிக்க வைப்பார்களாம். அன்று பின்னேரம் வந்த நிறைதான் அவருக்கு இனி அளவு. வழமையான அளவு 200 இறாத்தல். பொழுது பட்டதும் கூடையோடு பொறிக் கொட்டிலுக்குப் போய்த் தராசுக்கு முன்னால் நிற்க வேண்டும். குறைந்தால் அடி என்று தெரியும். கூடினாலும் பயம்தான், ஏனென்றால் நாளைக்கு அந்தக் கூடின நிறையையும் கேட்பார்கள். நோர்தப்புக்கு வயலின் பழகின விரல், பருத்தி வரவில்லை. ஒருநாள் 95 இறாத்தல்தான் வந்தது என்று எழுதுகிறார். அவருடன் பறித்த பற்சி என்ற பெண்ணின் கைக்கு ஒருநாளில் 500 இறாத்தல் வரும். அந்தக் கெட்டித்தனத்தால் அவளுக்கு ஒரு நன்மையும் வரவில்லை.

தராசில் வந்த இலக்கம் ஒரு புத்தகத்துக்குப் போகும். எனக்கு இந்த விசயத்தில் வயிற்றைப் பிசைவது சவுக்கைவிட இந்தப் புத்தகம்தான். மிசிசிப்பியில் இருந்த தோமஸ் அஃப்ளெக் என்பவர் 1840களின் பிற்பகுதியில் தோட்டக் கணக்குப் புத்தகம் என்று ஒன்றை அச்சடித்து விற்கத் தொடங்கினார். 40 ஆளுக்கு ஒரு அளவு, 80 ஆளுக்கு ஒன்று, 120 ஆளுக்கு ஒன்று, எங்கள் புத்தகக் கடையில் வரவு இடாப்பு வாங்குகிற மாதிரி வாங்கலாம். இடப்பக்கம் பெயர், பிறகு திங்கள் தொடக்கம் சனி வரை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைய நிறை. இன்னொரு பக்கத்தில் வருசத் தொடக்கத்தில் அந்த ஆளின் விலை, வருசக் கடைசியில் விலை. பிள்ளை பிறந்தால் வரவு. கிழடானால், கை முறிந்தால் பெறுமதித் தேய்வு. ஆட்களை 'முழுக்கை', 'அரைக்கை', 'கால்கை' என்றுதான் எண்ணுவார்கள். கொழுந்து நிறை குறைந்தால் மலையகத்தில் 'அரைப்பேர்' போடுகிறார்களே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அரைப்பேர் அரைநாள் கூலியை வெட்டுகிறது. அங்கே வெட்டுவதற்குக் கூலியே இல்லை.

கிழமைக்குக் கொடுத்த சாப்பாட்டுச் சாமான் கொஞ்சம் சோளமும் மூன்று, மூன்றரை இறாத்தல் பன்றி இறைச்சியும். உடுக்கக் கொடுத்த முரட்டுத் துணியில் நிறைய வடக்கே றோட் ஐலண்ட் ஆலைகளில் அடிமைகளுக்கென்றே நெய்தது. அடிமை முறை தெற்கின் பாவம், வடக்குக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால் அந்தத் துணியை ஞாபகப்படுத்துங்கள்.

நல்லூர் வாசகர்: வீட்டு வேலைக்கு இருந்த அடிமைகள் சுகமாக இருந்தார்கள் என்று படத்தில் பார்த்தேன். உண்மையா?

நல்ல சாப்பாட்டின் மிச்சம் கிடைத்தது, வெயில் குறைவு. ஆனால் இரவு பகல் எசமானின் கண்ணுக்கு முன்னால், கைக்கு எட்டும் தூரத்தில். பெண்களுக்கு அது என்ன அர்த்தம் என்று நான் விளக்கத் தேவையில்லை. படங்களில் பியானோ சத்தம் கொஞ்சம் கூட.

சுன்னாகம் வாசகர்: ஊரார் கதையை விடுங்கள் மாஸ்ரர். எங்கள் யாழ்ப்பாணத்தில் அடிமை இருக்கவில்லையா? அதைப் பற்றி எழுதத் தைரியம் இருக்கிறதா?

இருந்தது. சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. தைரியத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம்.

காணி விற்கும்போது பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும், சீதனம் யாருக்குப் போகும் என்று வரும்போதெல்லாம் தேசவழமை, தேசவழமை என்று சொல்கிறோமே, ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுத்து முடித்த அந்தச் சட்டத்தில் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. சீதனப் பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். மற்றது யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் சொல்லிச் சில சமூகங்களை அது அடிமை என்கிறது. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை, அவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் முதல் வாங்கில் இருந்து படித்தவர்கள். அப்படி முதல் வாங்கில் இருப்பதற்கே எத்தனை சண்டை தேவைப்பட்டது என்பதையும் அவர்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பகுதியில் ஒரு விதி: ஒருவருடைய அடிமையும் இன்னொருவருடைய அடிமைப் பெண்ணும் கலியாணம் செய்தால், பிள்ளைகள் தாயின் எசமானுக்குச் சொந்தம். இப்போது வேர்ஜினியாவுக்கு வாருங்கள். 1662 இல் அங்கே ஒரு சட்டம்: பிள்ளை அடிமையா சுதந்திரமா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே விதி. அங்கே அதன் விளைவு பயங்கரம். துரைக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளையும் துரையின் சொத்துத்தான், மகன் இல்லை. 1808 இல் கப்பல் நின்ற பிறகும் தொகை பெருகிக்கொண்டே போக அந்த விதி வாசலைத் திறந்துவிட்டது.

இங்கே அதே விதியைத் தலைகீழாகப் பிடித்தார்கள். 1821 இல் ஆங்கில அரசு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. யாழ்ப்பாணப் பக்கத்து அடிமைச் சமூகங்களில் இனிப் பிறக்கும் பெண் குழந்தைகளை அரசாங்கமே ஒரு சிறு தொகை கொடுத்து வாங்கி விடுவித்துவிடும். பிள்ளை தாயைத்தானே தொடரும், தாய்மார் சுதந்திரமானால் அடுத்த தலைமுறையில் அடிமை பிறக்கவே முடியாது. கெட்டிக்காரத்தனமான கணக்கு, ஆனால் ஆறின கணக்கு. அன்றைக்கு உயிரோடு இருந்த தாய் அடிமையாகவே இருந்து சாக வேண்டும். கடைசியில் 1844 ஆம் ஆண்டு 20 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இலங்கையில் அடிமை முறையை முழுதாக ஒழித்தது. அமெரிக்காவில் அரசியல் யாப்பில் 13 ஆவது திருத்தம் வந்தது 1865 மார்கழியில், 21 வருசம் பிந்தி, அதுவும் 6 இலட்சத்துக்கு மேல் சிப்பாய்கள் செத்த ஒரு யுத்தத்துக்குப் பிறகு.

இரண்டும் ஒன்றா என்றால், ஒன்றில்லை. இங்கே இலட்சக்கணக்கில் ஆட்களை வாங்கி விற்கிற சந்தை இல்லை, உலகச் சந்தைக்கு ஒரே பயிரை விளைவிக்கும் பெருந்தோட்டமும் இல்லை, அடிமை ஒரு வீட்டோடும் வளவோடும் நல்லது கெட்டதோடும் கட்டப்பட்டிருந்தார். அதைச் சொல்லி எங்கள் முறை மென்மையானது என்று முடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கட்டப்பட்டவரைக் கேட்டு எழுதின வரலாறு இல்லை அது. சட்டம் போய் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும், தேநீர்க் கடையில் கிளாஸ் கொடுக்காமல் போத்தலிலும் பேணியிலும் ஊற்றிக் கொடுத்த ஊர் இது. 1957 இல் அதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தும் மாறாததால்தான் 1966 ஒக்டோபர் 21 இல் உங்கள் சுன்னாகத்தில் இருந்தே யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது, அடியும் வாங்கியது. வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோவில் நாலு கறுப்பு மாணவர்கள் ஒரு கடையின் சாப்பாட்டு மேசையில் போய் உட்கார்ந்து எழும்ப மறுத்தது 1960 பெப்ரவரியில். ஆறு வருச இடைவெளி, ஒரு கோப்பைத் தேநீர்.

கிளிநொச்சியில் வாரத்துக்குக் காணி செய்யும் வாசகர்: விடுதலை கிடைத்த பிறகு அவர்களுக்குக் காணி கொடுத்தார்களா அண்ணை?

நீங்கள் கேட்டதுதான் சரியான இடத்தில் கேட்ட கேள்வி தம்பி. 1865 தையில் ஷேர்மன் என்ற வடக்குத் தளபதி ஒரு கட்டளை போட்டு, கரையோரத்தில் துரைமார் விட்டுவிட்டு ஓடின நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். சித்திரையில் லிங்கனைச் சுட்டார்கள். அடுத்து வந்த சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அதே வருசம் நிலத்தைப் பழைய துரைமாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். விதைத்து முளைத்த நிலத்தில் இருந்து எழுப்பினார்கள்.

பிறகு வாரம். நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் துரையுடையது, உழைப்பு இவர்களுடையது, விளைச்சலில் பாதி. பாதி என்று கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அறுவடை வரை சாப்பிட வேண்டுமே. சோளமாவும் உப்பும் துணியும் கடையில் கடனுக்கு, காசு விலையைவிடக் கூட விலைக்கு, வரப்போகும் பருத்தியின் மேல் ஈடு. கடைக்காரரும் பல இடங்களில் அதே துரைதான். கறி புளிக்கு நாலு மரக்கறி போட்டாலும் முறைப்பார்கள், பருத்திதான் போட வேண்டும், அதற்குத்தான் கடன். மார்கழியில் கணக்குத் தீர்ப்பார்கள். புத்தகம் துரையின் கையில். அடிமைக் காலத்தில் இவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதைப் பல மாநிலங்கள் குற்றமாக்கி வைத்திருந்தன, ஆகவே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவும் முடியாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று நாங்கள் சொல்வோம். இங்கே உழுதவனைக் கணக்குப் பார்க்கவே விடவில்லை. வருசம் முழுக்க வேலை செய்து, முடிவில் பத்து டொலர் கடன் என்று வரும், அதைத் தீர்க்க அடுத்த வருசமும் அதே நிலம். மலையகத்தில் கங்காணியின் 'துண்டு' என்ற கடன் சீட்டு எப்படி ஒரு தோட்டத்தில் இருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளோடு கடனையும் சேர்த்து மாற்றியதோ, அதே குடும்பத்துச் சரக்கு இது.

காலம் போகப் போக ஏழை வெள்ளைக்காரரும் இதே வாரத்துக்குள் இலட்சக்கணக்கில் விழுந்தார்கள். சொந்த நிலம் கடையில் ஈட்டில் போய், ஒரு காலத்தில் இரவுக் காவலுக்குப் போனவனின் பேரன், அடிமையின் பேரனுக்குப் பக்கத்து நிலத்தில் அதே கடைக்காரருக்கு அதே பருத்தி விளைவித்தான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தால் என்ன ஆகும் என்று துரைமாருக்கும் தெரியும், ஆகவே பாடசாலை, தண்ணீர்க் குழாய், ரயில் பெட்டி எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்தார்கள். வாக்கையும் எடுத்துவிட்டார்கள். இலங்கையில் 1931 இல் 21 வயது வந்த எல்லாருக்கும் வாக்கு வந்தது (யாழ்ப்பாணத்தார் அந்தத் தேர்தலைப் பகிஸ்கரித்தோம், அது வேறு கதை). மிசிசிப்பியில் பருத்தி பறித்த கறுப்பருக்கு வாக்குச்சீட்டு நிசமாகக் கைக்கு வந்தது 1965 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு.

அவர்களைப் பருத்தியில் இருந்து கழற்றியதில் சட்டத்துக்கு உள்ள பங்கைவிட ஒரு பூச்சிக்கும் ஒரு மெசினுக்கும் உள்ள பங்கு பெரியது என்பேன். 1892 அளவில் மெக்சிக்கோவில் இருந்து டெக்சாஸ் வந்த காய்வண்டு முப்பது வருசத்தில் தெற்கு முழுக்கப் பரவித் தின்றது. சனம் சிக்காகோ, டிற்றொயிற் என்று ரயிலேறியது. 1940களில் பறிக்கிற மெசினும் வந்துவிட்டது. உடுவில் பிள்ளை, இப்போது பார், இந்த மெசின் ஆட்களைக் குறைத்தது. ஏனென்றால் இது பறிக்கிற மெசின்.

மானிப்பாய் வாசகி: கிணற்றடிப் பருத்தி பற்றி முன்பும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். விளக்கீட்டுக்குத் திரி வேண்டும். கொஞ்சம் பஞ்சு தருவீர்களா?

பஞ்சு தரமாட்டேன் அக்கா, இந்த வருசம் காய் குறைவு, அம்மாவின் விளக்குக்கே காணாது. விதை தருகிறேன். ஒரு கடதாசிச் சரையில் இருபது கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன், யாரையாவது அனுப்புங்கள். மாரி மழை ஓய்ந்ததும் ஊன்றினால் வரும், வெயில் படுகிற இடமாகப் பாருங்கள். காய் வெடித்ததும் விடியப்புறம் போய் எடுக்காதீர்கள், பனி ஈரம் காய்ந்த பிறகு எடுங்கள். எடுக்கும்போது ஓட்டு நுனி கவனம்.